உக்கோவின் சுத்தியலும் ஆசாரியின் வச்சிரமும்

பின்லாந்து மொழியில் சுத்தியலுக்கு 'வசரா' என்று பெயர். அந்நாட்டின் பழைய இடித்தெய்வமான உக்கோவின் கையில் இருக்கும் ஆயுதமும் அதுவே. கேட்டவுடன் நமக்கு இந்திரனின் வச்சிராயுதம் நினைவுக்கு வரும். ஒலி ஒத்துப்போனாலே உறவு கொண்டாடிவிடும் வழக்கம் நம்மிடையே மலிந்திருப்பதால், இத்தகைய ஒற்றுமைகளை நான் ஐயத்துடனேயே அணுகுவேன். எனினும் இந்தச் சொல்லில் உறவு மெய்யானது.

பின்னியம் உராலிக் குடும்பத்து மொழி. எஸ்தோனியமும் அங்கேரியமும் அதன் இனம். சமஸ்கிருதத்தோடு அதற்குப் பிறப்புத் தொடர்பு கிடையாது. சுமார் 4000 ஆண்டுகளுக்கு முன், உரால் மலைக்கும் வோல்கா ஆற்றுக்கும் அருகே உராலிக் மொழி பேசியவர்கள், புல்வெளிகளில் குதிரை வளர்த்து உலோகம் வார்த்து வாழ்ந்த இந்தோ-இரானியரோடு (சமஸ்கிருதத்துக்கும் பழைய இரானிய மொழிகளுக்கும் தாயான மொழியைப் பேசியவர்கள்) பழகிய காலத்தில், பல சொற்களைக் கடனாகப் பெற்றனர். சமஸ்கிருத 'வஜ்ர', பழைய இரானியரின் மறைநூலான அவெஸ்தாவில் கதாயுதத்தைக் குறிக்கும் 'வஸ்ர', பின்னிய 'வசரா' ஆகிய மூன்றுக்கும் மூலம் ஒன்றே. வோல்கா பகுதியின் எர்சியா மொழியில் அது 'உசெரே' எனத் திரிந்து கோடரியைக் குறிக்கிறது. ஒரு சொல் மட்டும் என்றால் தற்செயல் எனலாம். நூறு என்ற பொருளுடைய பின்னியச் சொல்லான 'சதா'வும் இதே வழியில் வந்த கடன்தான். எண்பது நிறைந்த பெரியவர்களுக்குச் செட்டிநாட்டு வீடுகளில் நடத்தும் சதாபிஷேகத்தின் 'சத'மும் அதுவும் ஒரே வேரின.

'ஜ்ர' என்னும் மெய்க்கூட்டு பின்னியர் நாவுக்கு இசையாததால், இடையில் ஓர் உயிரை நுழைத்து, ஒலியையும் வன்மையாக்கிக்கொண்டார்கள். தமிழும் அதையே செய்து 'வச்சிரம்' என்றது. பிராகிருத 'வஇர' வழியாக 'வயிரம்' என்ற மற்றொரு வடிவமும் நமக்குக் கிடைத்தது.

காரைக்குடிப் பக்கத்துத் தச்சுப் பட்டறைகளில் இவ்விரண்டும் புழங்குகின்றன. தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசைக்கட்டியை ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்கி, சூடு ஆறுவதற்குள் மரத்தின் பொருத்துகளில் தடவுவார்கள். அந்தப் பசைக்குப் பெயர் வச்சிரம். பர்மாத் தேக்குத் தூணின் முற்றிய உட்பகுதி வயிரம். ஆச்சிமார் தோட்டில் மின்னும் கல்லும் அதுவே என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பின்லாந்தில் அப்பெயரைத் தாங்கிய கருவி மட்டும், இங்கே இரும்பானால் சுத்தியல், மரமானால் கொட்டாப்புளி.