கோணேசர் மலையில் நின்று பார்த்த திமிங்கிலங்கள்

நேற்று இரவுதான் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தோம். ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

திமிங்கிலம் என்றால் தெற்குக் கரையிலுள்ள மிரிஸ்ஸ, அங்கே படகுக்கு ஆளுக்கு இவ்வளவு என்று எங்கள் வீட்டில் பல தடவை கணக்குப் பார்த்துக் கைவிட்டிருக்கிறோம். ஐந்து பேருக்கு அது கட்டாது. திருகோணமலையில் கோணேசர் கோயில் மலையில் நின்றாலே தெரியும், ஒரு சதமும் வேண்டாம் என்று சித்தப்பா சொன்னார். வெளிக்கிட்டோம்.

முதலில் வான்காரரின் கதை. முல்லைத்தீவு, புல்மோட்டை வழியாகக் கரையோரமாகப் போவதாகத்தான் முதல்நாள் விலை பேசினோம். பரந்தனில் வானை நிறுத்திவிட்டு, "அந்தப் பாதையெண்டால் இன்னும் எட்டாயிரம் வேணும் அண்ணை" என்கிறார். வயதான அம்மாவை இருத்திக்கொண்டு நடுவழியில் என்ன செய்வது? கடைசியில் ஐயாயிரம் கொடுத்தோம். இது சரியான அநியாயம். வான் பிடிப்பவர்கள் பாதையையும் தொகையையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

முள்ளிவாய்க்காலைக் கடக்கும்போது வானுக்குள் ஒருவரும் கதைக்கவில்லை. வட்டுவாகல் பாலத்தில் ஒரு பக்கம் நந்திக்கடல், மற்றப் பக்கம் கடல். அம்மா கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

கொக்கிளாய்க் களப்பைச் சுற்றிக்கொண்டு புல்மோட்டைக்கு வந்தால் மணலே கறுப்பு. இல்மனைற் என்ற கனிமம் எடுக்கிற மணல் அது. அங்கிருந்து குச்சவெளி, இறக்கக்கண்டி, நிலாவெளி என்று இறங்கும் வீதியைப் போல அழகான வீதியை நான் வடக்கு கிழக்கில் வேறு எங்கும் கண்டதில்லை. பாலத்துக்குப் பாலம் ஆறு கடலில் விழுவதைப் பார்க்கலாம்.

குச்சவெளிக்குக் கிட்ட ஒரு தகரக் கொட்டில் கடையில் சாப்பிட்டோம். அன்று காலை பிடித்த பாரை, தேங்காய்ப்பால் விட்ட குழம்பு, நண்டுப் பிரட்டல், முருங்கையிலை வறை. மகன் மூன்றாம் தடவை சோறு கேட்டான். கடைக்கார அக்கா, "பிள்ளை சாப்பிடட்டும்" என்று மேலதிகச் சோற்றுக்குக் காசே எடுக்கவில்லை. வான்காரர் வாங்கின ஐயாயிரத்தை அந்த அக்காவிடம் கொடுத்திருக்கலாம் என்று இப்போதும் மனம் அடித்துக்கொள்கிறது.

மறுநாள் காலை ஏழு மணிக்கே மலையில் ஏறினோம். கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பழைய கோட்டைக்குள் மான்கள் நின்றன. மேலே போனால் கிழக்கு வெயில் நேரே கண்ணில் அடிக்கிறது. இரண்டு மணித்தியாலம் நின்றும் ஒன்றும் தெரியவில்லை. பூசைத் தட்டு விற்கும் ஐயா ஒருவர்தான் சொன்னார்: "பின்னேரம் வாங்கோ, வெயில் முதுகுப்பக்கம் போயிடும். வெள்ளையா அகண்டு உடைஞ்சால் அலை. புகைமாதிரி நிமிர்ந்து எழும்பினால் அதுதான்."

நாலரைக்குத் திரும்பப் போனோம். இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கத்துச் சுவரோரம் நின்றோம். கீழே கிட்டத்தட்ட 100 மீற்றர் செங்குத்துப் பாறை, பிள்ளைகளின் கையை விடவே கூடாது. மகன்தான் முதலில் கத்தினான். தூரத்தில் ஒரு வெள்ளைத் தூண் எழும்பி, காற்றில் கரைந்தது. நீலத் திமிங்கிலத்தின் மூச்சு 9 மீற்றர் வரை எழும்பும், அதனால்தான் அவ்வளவு தூரத்திலும் தெரிகிறது. பிறகு நீண்ட முதுகு உருண்டு உருண்டு போய்க்கொண்டே இருந்தது, முடிகிற மாதிரியே இல்லை! பத்து நிமிடம் தண்ணீருக்குள். திரும்ப மூச்சு, பக்கத்தில் இன்னொன்று. ஒரு தடவை வால் முழுவதும் தூக்கி இறங்கியபோது மலையில் நின்ற எல்லோரும் ஒரே குரலில் "ஆ" என்றார்கள்.

பருத்தித்துறையில் வளர்ந்த எனக்குக் கடல் புதிதல்ல, ஆனால் இது வேறு கடல். எங்கள் பாக்குநீரிணை ஆழமற்றது. இங்கே துறைமுக வாயிலிலிருந்தே கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குகிறது, அதனால் ஆழக்கடல் விலங்கு கரைக்குக் கிட்ட வருகிறது. மார்ச் முதல் ஓகஸ்ட் வரை காலம். தொலைநோக்கி கட்டாயம் கொண்டுபோங்கள், நாங்கள் ஒன்றை ஐந்து பேர் பறித்துப் பறித்துப் பார்த்தோம்.

பூசைக்கென்று வந்த அம்மா, கோயில் மணி அடித்தும் சுவரை விட்டு அசையவில்லை. "இன்னும் ஒண்டு வரும், பொறு" என்றார். வந்தது.

திரும்பியது வவுனியாப் பாதையால், அதில் எழுத ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்கு நேரே பஸ் இருக்கிறது. அடுத்த மாதம் அதில்தான் போகப்போகிறோம்.