பதினாறாம் பெட்டி

நவம்பர் 16

பொறி வரிசைக்கு இன்றுதான் முதல் தடவையாகத் தனியாகப் போனேன். நியூசிலாந்தின் தெற்குத் தீவு, பீச் (beech) மரக்காடு. ஆற்றை ஒட்டிப் போகும் பாதையில் 100 மீட்டருக்கு ஒன்றாக 22 மரப்பெட்டிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு எஃகுப் பொறி, அதற்கு அந்தப் பக்கம் ஒரு கோழிமுட்டை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மூடியைக் கழற்றி, செத்துக் கிடப்பதை எடுத்து வீசி, கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்து, முட்டையை மாற்ற வேண்டும். சம்பளம் கிடையாது. தன்னார்வலர் வேலை.

எலி 7, முள்ளெலி 1. ஸ்டோட் இல்லை. பறவைகளைத் தின்னும் அந்தச் சின்ன விலங்குக்காகப் போட்டதுதான் இந்த வரிசையே, ஆனால் மாட்டுவதெல்லாம் எலி.

நாலாவது பெட்டியை நகர்த்தியதும் ஒரு சாம்பல் நிற ராபின் வந்து, கிளறிய மண்ணில் புழு பொறுக்கியது. அப்புறம் என் ஷூ கயிற்றைக் கொத்திப் பார்த்தது. எனக்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளிகூட இல்லை. வௌவாலைத் தவிர நிலத்தில் பாலூட்டி எதுவும் இல்லாமல் கிடந்த நாடு இது. மேலே பருந்து வந்தால் அசையாமல் பதுங்க இந்தப் பறவைகளுக்குத் தெரியும். மோப்பம் பிடித்துத் தரையோடு வருகிற ஒன்றை என்ன செய்வதென்று தெரியாது.

நவம்பர் 30

எலி 5. பதினாறாம் பெட்டியில் முட்டையைக் காணோம், பொறியும் விழவில்லை. குனிந்து பார்த்தால் மிதிதகட்டுக்கு அடியில் ஒரு சுள்ளி, சுற்றிலும் மண். தகடு அமுங்கவே இல்லை. போன தடவை நான்தான் சரியாகத் துடைக்கவில்லை. கூட வந்த பெரியவர் எதுவும் சொல்லவில்லை. தன் கத்தியை எடுத்து அந்தச் சுள்ளியை நெம்பி எடுத்து என் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

ஸ்டோட் எப்படி இருக்கும் என்று சிலர் கேட்டிருந்தார்கள். கீரியைப் பாதியாகச் சுருக்கியது போல. ஆனால் கீரி இனம் இல்லை, நீர்நாயின் குடும்பம். முதுகு பழுப்பு, வயிறு வெண்மஞ்சள், வால் நுனி மட்டும் கருப்பு. ஆணே 300 கிராம் சொச்சம்தான், பெண் அதிலும் சின்னது. தன்னைவிடப் பல மடங்கு கனமான முயலின் பிடரியைக் கவ்விச் சாய்த்துவிடும். தலை நுழைகிற ஓட்டையில் உடம்பும் நுழைந்துவிடும்.

கடுங்குளிர் நாடுகளில் பனிக்காலத்தில் முழு உடம்பும் வெள்ளையாகிவிடும், வால் நுனி மட்டும் அதே கருப்பு. ஐரோப்பிய அரசர்களின் வெள்ளை அங்கிகளில் கருப்புப் புள்ளிகள் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வால். எண்ணிப் பார்த்தால் அந்த ராஜகம்பீரம் வேறு மாதிரி தெரிகிறது.

டிசம்பர் 8

அம்மா போனில் ஸ்டோட் படத்தைப் பார்த்துவிட்டு, "கீரிப்பிள்ளை மாதிரியே இருக்குதேடா. இதையா கொல்றே?" என்றாள். பாம்பைக் கடித்துப் போட்டுத் தொட்டில் குழந்தையைக் காப்பாற்றிய கீரியை, வாயில் ரத்தத்தைப் பார்த்ததும் அவசரப்பட்டு அடித்துக் கொன்ற கதையைச் சின்ன வயதில் எனக்குச் சொன்னவளே அவள்தான். பதில் சொல்ல வரவில்லை.

சொல்லியிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன். இங்கே குடியேறிய ஆங்கிலேயர்கள் முதலில் முயலைக் கொண்டுவந்தார்கள். அது பெருகி ஆட்டுக்கான புல்லைத் தின்று தீர்த்தது. முயலைத் தின்னட்டும் என்று 1880களில் ஸ்டோட்டைக் கப்பலேற்றினார்கள். வேண்டாம் என்று பறவையியலாளர்கள் அப்போதே சொன்னார்கள், யாரும் கேட்கவில்லை. ஸ்டோட்டுக்குச் சட்டப் பாதுகாப்பே இருந்தது, 1936இல்தான் விலக்கினார்கள். நம் கீரியும் இதே காரியத்துக்குப் போனதுதான். 1872இல் கல்கத்தாவிலிருந்து ஜமைக்காவுக்கு, கரும்புத் தோட்டத்து எலியைப் பிடிக்க. அங்கே அது தரைப் பறவைகளையும் ஊர்வனவற்றையும் காலி செய்தது.

முயல் எப்படியோ பிழைத்துக்கொண்டது. பறக்கத் தெரியாத காகாபோ கிளிகளை ஸ்டோட்டிடமிருந்து காப்பாற்ற 1894இல் ரிச்சர்ட் ஹென்றி என்பவரை ரெசல்யூஷன் தீவுக்குக் காவலராக அனுப்பினார்கள். நூற்றுக்கணக்கான பறவைகளைப் படகில் கொண்டுபோய் அங்கே விட்டார். 1900இல் அந்தத் தீவிலேயே ஸ்டோட் தென்பட்டது. நீந்தி வந்திருந்தது. ஆறு வருட உழைப்பு. அந்த ஆளை நினைத்தால் எனக்கு இப்போதும் தாங்கவில்லை.

டிசம்பர் 14

பார்த்துவிட்டேன், உயிரோடு. பன்னிரண்டாம் பெட்டி தாண்டியதும் பாதையைக் குறுக்கே கடந்தது. ஓட்டம் என்று சொல்ல முடியாது. முதுகை வில்லாக வளைத்து வளைத்து, தண்ணீர் வழிவது போலப் போனது. வாயில் ஒரு சுண்டெலி. பாதி தூரத்தில் நின்று, பின்னங்காலில் எழுந்து என்னைப் பார்த்தது. மூக்கு மட்டும் துடித்தது. பிறகு ஒரு வேருக்கு அடியில் மறைந்தது.

அழகான விலங்கு, மறுக்க முடியாது. அதன் சொந்த ஊரில் அது இருக்க வேண்டிய விலங்கும்கூட. பிரிட்டனில் 1950களில் முயல்களுக்குக் கொள்ளைநோய் வந்து கூட்டம் கூட்டமாகச் செத்தபோது ஸ்டோட்டும் கூடவே குறைந்துபோனது. அங்கே அது முயலோடு கட்டுண்டது. இங்கே கட்டு எதுவும் இல்லை. பீச் மரங்கள் சில வருடங்களில் அளவுகடந்து விதை உதிர்க்கும். விதை தின்று சுண்டெலி பெருகும், சுண்டெலி தின்று ஸ்டோட் பெருகும். விதை தீர்ந்து சுண்டெலியும் தீர்ந்த பிறகு, பசித்த ஸ்டோட்கள் மரப்பொந்தில் அடைகாக்கும் பறவைகளைத் தேடிப் போகும். கிவிக் குஞ்சு ஒரு கிலோ எடை தாண்டிவிட்டால் காலால் உதைத்துத் தப்பிக்கும். காவல் இல்லாத காடுகளில் நூற்றுக்கு ஐந்து குஞ்சுதான் வளர்ந்து ஆளாகிறது.

டிசம்பர் 28

மழை. ஆறு பெருகியதால் போகவில்லை.

ஜனவரி 11

பதினாறாம் பெட்டியில் மூடியைத் திறக்கும் முன்பே வாடை வந்துவிட்டது. எலி நாற்றம் இல்லை, கமறலான கஸ்தூரி நாற்றம். உள்ளே ஸ்டோட். பொறி தலையில் சரியாக விழுந்திருந்தது, தவித்திருக்காது. கையுறையோடு எடுத்தேன். தலை என் கட்டைவிரல் அகலம்தான். உள்ளங்கால் முழுக்க மயிர். பெண், இந்த வசந்தத்தில் பிறந்த குட்டியாக இருக்க வேண்டும் என்றார் பெரியவர். முட்டையில் ஒரு கீறல்கூட இல்லை.

இவற்றின் பிறப்பைப் பற்றிப் படித்தபோது முதலில் நம்பவில்லை. பெண் குட்டி கண் திறக்கும் முன்பே, வளையிலேயே ஆண் வந்து கூடிவிடும். கரு வளராமல் ஒன்பது பத்து மாதம் உள்ளேயே காத்திருந்து, அடுத்த வசந்தத்தில்தான் குட்டிகளாகும். ஒரே ஈற்றில் பன்னிரண்டு வரை போடும். ஒரு தீவுக்கு ஒரு பெண் நீந்திப் போனால் போதும், ஆண் தேவையில்லை. என் கையில் இருந்தது ஒன்றா, அதற்கு மேலா என்று யோசித்துக்கொண்டே நின்றேன்.

பெரணிப் புதருக்குள் வீசினேன். தகட்டின் அடியை இரண்டு முறை துடைத்தேன். புது முட்டை வைத்து மூடியை முடுக்கும்போது திருகாணி ஒன்று கீழே விழுந்து, தேடவே பத்து நிமிடம் ஆனது. அதற்குள் ராபின் வந்து கிளறிய இடத்தில் புழு பொறுக்கத் தொடங்கியிருந்தது. செயலியில் பதிந்தேன்: 16, ஸ்டோட், பெண்.

இரவு அம்மா போன் செய்தாள். இன்றைக்கு எத்தனை எலி என்று கேட்டாள். ஆறு என்றேன்.