டாக்லி கிராமத்து டெனர்

பிப்ரவரி 9, ஆக்ஸ்ஃபோர்டு
ஒத்திகை முடிந்து வரும்போதே தொண்டை கட்டிக்கொண்டது. பெரிய வெள்ளிக்கு எங்கள் பாடகர் குழு பாக்கின் மத்தேயு பாஷனைப் பாடுகிறது, மத்தேயு நற்செய்திப்படி இயேசுவின் பாடுகளைச் சொல்லும் இசை. நான் டெனர் வரிசை, ஆண்களின் உயர்ந்த குரல். முப்பத்தாறு வயதில் முறையாகக் கற்கத் தொடங்கினால் குரல் படியுமா என்று ஆசிரியையிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் ஓர் ஆங்கிலேய டெனரின் பெயரை எழுதிக் கொடுத்தார்: ஆன்டனி ரோல்ஃப் ஜான்சன்.

பிப்ரவரி 12
மூன்று நாளாக அவர் குரல்தான் வீட்டில். 1940இல் பிறந்தவர். சின்ன வயதிலேயே நன்றாகப் பாடியிருக்கிறார், ஆனால் படித்தது விவசாயம், பார்த்தது பண்ணை நிர்வாகம். முப்பதை நெருங்கும்போதுதான் லண்டன் கில்ட்ஹால் இசைப் பள்ளிக்குப் போனார். முதலில் எல்லிஸ் கீலர், அப்புறம் ஹங்கேரியில் பிறந்த வேரா ரோஷா, டெனர் பீட்டர் பியர்ஸ் ஆகியோரிடம் பாடம். 1973இல் இங்கிலீஷ் ஆபெரா குரூப்பின் மேடையில் சாய்கோவ்ஸ்கியின் இசை நாடகமான 'யோலாந்தா'வில் பாடினார். பண்ணையை விட்டு வந்த சில வருடங்களுக்குள் இது. எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

பிப்ரவரி 20
இன்று முழுப் பாடமும் ஒரே இடத்தில். நடு ஸிக்கு மேலே எஃப் ஷார்ப் பக்கம் போனால் என் குரல் கத்தலாகிவிடுகிறது. மார்புக் குரலும் தலைக் குரலும் கைமாறும் இடம் அது, பஸாஜியோ என்கிறார்கள். டெனர் பயிற்சியில் பாதி இதற்கே போகும் போலிருக்கிறது. உதட்டை 'பிர்ர்ர்' என்று அதிரவிட்டபடி மேலே ஏறச் சொன்னார் ஆசிரியை. ஏறினேன். கழுத்து நரம்பு புடைக்கவில்லை. "தள்ளாதீர்கள், மூச்சை விடுங்கள், அது தூக்கிக்கொள்ளும்." வளர்ந்த ஆணின் குரல் நிலைப்பட இருபதுகளின் கடைசி வரைகூட ஆகும் என்றும் சொன்னார்.

மார்ச் 8
ரயிலில் டாக்லி போனேன். ரோல்ஃப் ஜான்சன் பிறந்த ஊர், இங்கிருந்து வடக்கே பத்து நிமிடம்தான். கல்வீடுகள், செயின்ட் நிக்கோலஸ் கோயில், சுற்றிலும் வயல். ஆள் இல்லாத ஒரு வேலியோரம் நின்று உதட்டை அதிரவிட்டேன். ஈரக் காற்று, நல்ல குளிர். அரைமணி நேரம் பாடினேன்.

மார்ச் 15
கார்டினர் நடத்திய மத்தேயு பாஷன் பதிவு. கதையைச் சொல்லும் நற்செய்தியாளர் ரோல்ஃப் ஜான்சன்தான். இயேசு பேசும்போது நரம்பு வாத்தியங்கள் சூழ்ந்து வரும். நற்செய்தியாளருக்கு அந்தத் துணை கிடையாது. ஆர்கனும் கீழ்ஸ்தாயி வாத்தியமும் மட்டும். மற்றதெல்லாம் சொல்தான். பேதுரு மூன்றாம் முறை மறுதலித்த பிறகு 'வைனெத்தே', அழுதான், என்ற ஒரு சொல்லை பாக் இழுத்து இழுத்து வளைக்கிறார். ரோல்ஃப் ஜான்சன் அங்கே குரலைக் காட்டவில்லை. நடந்ததைப் பார்த்தவர் சொல்வதுபோல இருக்கிறது. இசை நாடகங்களில் ஓர்ஃபேயோவாகவும் இடொமெனேயோவாகவும் பாடிய அதே குரல்.

எங்கள் வேதாகமத்தில் அந்த இடம் 'வெளியே போய், மனங்கசந்து அழுதான்'. பெரிய வெள்ளிதோறும் ஊரில் அப்பாதான் அதை வாசிப்பார். இரவு போன் போட்டு, அந்த வசனத்தை வாசியுங்களேன் என்றேன். ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. கண்ணாடியைத் தேடும் சத்தம், தாள் புரளும் சத்தம். 'உடனே சேவல் கூவிற்று' வரைக்கும் சாதாரணமாக வாசித்தார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டார்.