கடலில்லாத தாக்லாவில் ஒரு திரைப்பட விழா

அல்ஜீரியாவின் திந்தூஃப் நகரத்தைச் சுற்றியுள்ள பாலைவனத்தில், மேற்கு சஹாராவிலிருந்து வந்த சஹ்ராவி அகதிகளின் முகாம்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் அவர்கள் விட்டுவந்த ஊர்களின் பெயர்கள்தான். அசல் தாக்லா அட்லாண்டிக் கரையில் இருக்கும் ஊர். முகாம் தாக்லாவில் கண்ணுக்கு எட்டிய தூரம் மணல். 1975இல் ஸ்பெயின் தன் காலனியான மேற்கு சஹாராவைக் கைவிட்டது, மொராக்கோ படை நுழைந்தது, சனம் இங்கே ஓடிவந்தது. இப்போது பேரப்பிள்ளைகளும் முகாமில் பிறந்தவர்கள்.

2003இல் தொடங்கிய ஃபிசஹாரா திரைப்பட விழா பல ஆண்டுகள் தாக்லாவில்தான் நடந்தது. நான் போனதும் அங்கேதான். ஹோட்டல் கிடையாது, விருந்தாளிகளைக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடுவார்கள். எனக்குக் கிடைத்த வீட்டு அம்மா, கூடாரத்துக்குள் கரி அடுப்பை வைத்து, தேநீரைக் கிளாஸிலிருந்து கிளாஸுக்கு உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டே இருந்தார். கிளாஸின் பாதிவரை நுரை ஏறும்வரை யாருக்கும் கொடுக்கவில்லை. அவருக்குத் தெரிந்த ஸ்பானிஷும் எனக்குத் தெரிந்த ஸ்பானிஷும் ஒரே அளவு. அதை வைத்தே நிறையக் கதைத்தோம்.

இருட்டிய பிறகுதான் படம். வெட்டவெளியில் பெரிய திரை, மணலில் விரித்த பாய்கள், முன்வரிசை முழுக்கப் பிள்ளைகள். காற்று வீசினால் திரை புடைக்கும், நாயகனின் முகம் கோணும், பிள்ளைகள் ஓவென்று கத்துவார்கள். முதல் பரிசு வெள்ளை ஒட்டகம், உயிருள்ள ஒட்டகமேதான். அது முகாமிலேயே நின்றுவிடும். இயக்குநர் சிலையோடு ஊர் திரும்புவார்.

நான் தமிழ்நாட்டில் ஓர் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவள். திருவிழாவுக்கு டெக் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்த்திருக்கிறோம். எங்களிடமும் கேமரா வந்தது. வந்தவர்கள் தண்ணீர்க் குழாய் வரிசையை எடுத்தார்கள், அழுத பாட்டியை எடுத்தார்கள், போய்விட்டார்கள். அந்தப் படங்களை நாங்கள் பார்த்ததே இல்லை.

அதனால்தான் விழாவைவிட, அதன் வழியாக வந்த பள்ளி எனக்குப் பெரிதாகப்படுகிறது. முகாம்களிலேயே 2011இல் ஒரு திரைப்படப் பள்ளி தொடங்கினார்கள். அங்கே படித்த பிள்ளைகள் எடுத்த குறும்படங்களும் அதே திரையில் ஓடின. ஒன்றில் ஒரு கிழவர் தன் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். வெளியாள் எடுத்திருந்தால் அவரிடம் போரைப் பற்றித்தான் கேட்டிருப்பான். எனக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள் ஒவ்வொரு ஆட்டின் பெயருக்கும் சிரித்தார்கள்.

மண்டபம், கும்மிடிப்பூண்டி முகாம்களிலும் இதைச் செய்ய முடியும். இப்போது பிள்ளைகள் கையில் போன் இருக்கிறது. எடிட்டிங் சொல்லித்தர ஒரு ஆள், மாலையில் ஒரு அறை, ஒரு புரொஜெக்டர் போதும். திரைப்பட சங்கம் நடத்தும் நண்பர்களே, யார் வருகிறீர்கள்? நான் வருகிறேன்.