ஆறின இன்ஜின்

“காடிய உள்ள விடுங்க தம்பி” என்றார் பட்டறை அண்ணன். மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்கு வந்த முதல் மாதம் அது. எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் காடி என்றால் மாட்டுத் தொட்டியில் ஊற்றுகிற கழுநீர். இங்கே கார், ஜீப், பிக்கப் எல்லாமே காடி. கல்யாணமாகி வந்து மூன்று வருடமாகிறது. இப்போது நானும் காடி என்கிறேன், காசை வெள்ளி (ரிங்கிட்) கணக்கில்தான் நினைக்கிறேன். பழகிவிட்டது என்றுதான் இருந்தேன்.

போன மாதம் மாமாவின் செம்பனை (பாமாயில் மரம்) தோட்டத்துக்குப் பழைய பிக்கப் ஒன்று பார்க்கப் போனோம். மாமாவுக்கு 2017 டொயோட்டா ஹைலக்ஸ் மேல் கண். 2.4 லிட்டர், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டுக்குப் பதில் சங்கிலி, இழுவையும் அதிகம். 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் லிட்டர் டீசல் 2.15 வெள்ளியிலிருந்து ஒரேயடியாக 3.35 ஆனதை அவர் இன்னும் மறக்கவில்லை. “கொஞ்சமா குடிக்கிற காடியா பாருங்க மாப்பிள்ள” என்றார். நியாயம்தான்.

ஈப்போவில் ஒரு கடையில் அந்த வண்டி நின்றது. பானெட்டில் கை வைத்தேன், சுட்டது. நாங்கள் வருமுன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர் தேய்ந்ததா, ஸ்டார்ட்டுக்கு முன் சூடேற்றும் க்ளோ பிளக் போனதா, சிலிண்டருக்குள் அழுத்தம் (கம்ப்ரஷன்) குறைந்ததா, எல்லாம் காலையில் முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். சூடானபின் எந்த இன்ஜினும் சாதுதான். அப்பா டிராக்டர் பார்க்கப் போனால் விடியுமுன் போய் நிற்பார். காபி குடிக்கக்கூட உள்ளே போகமாட்டார்.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குள்ளேயே ஒரு 2003 மிட்சுபிஷி ஸ்டோர்ம். 2.5 லிட்டர், 4டி56 இன்ஜின், கம்ப்யூட்டரைக் கேட்காமல் டீசல் அனுப்புகிற பழைய பம்ப். வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், சாவியைத் தொடக்கூடாது என்று. பட்டறை அண்ணனும் வந்தார். முதலில் ரேடியேட்டர் தண்ணீரைப் பார்த்தார். கொதித்துப்போன இன்ஜின் என்றால் சிலிண்டர் ஹெட்டில் விரிசல் விட்டிருக்கலாம், இந்த இன்ஜினுக்கு அது தெரிந்த நோய்.

பிறகு ஸ்டார்ட் செய்து, இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து, காற்று தள்ளுகிறதா என்று அந்த வாயில் உள்ளங்கையை வைத்தார். அப்புறம் ஸ்பேனரால் பம்பிலிருந்து வரும் நாலு குழாயில் ஒரு நட்டைத் தளர்த்தினார். டீசல் கசிந்தது, சத்தம் தடுமாறியது. இறுக்கினார், சீரானது. ஒவ்வொன்றாக நாலும் அப்படியே. ஏதாவது ஒரு குழாயைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால் அந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஹைலக்ஸ் மாதிரி, எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே குழாயில் உயர் அழுத்த டீசலைத் தேக்கி வைக்கும் புது காமன் ரெயில் இன்ஜினில் இதைச் செய்யவே கூடாது. 1,500 பாருக்கு மேல் அழுத்தம், பீய்ச்சினால் தோலைக் கிழித்து உள்ளே போகும்.

இதே கையை, இதே நட்டை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் களத்தில், வேப்பமரத்தடியில், அப்பாவின் மாஸி பெர்குசன் டிராக்டரில். எனக்குப் பத்து வயது, டார்ச் பிடிப்பது என் வேலை. சட்டென்று போனை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டேன். இங்கே ஒன்பது மணி, அங்கே ஆறரை. வீடியோவில் புகையைக் காட்டச் சொன்னார்.

“வெள்ளப் புகை உடனே நிக்குதா?”

“நின்னுருச்சுங்ணே” என்று அண்ணனே பதில் சொன்னார். பிறகு கால்மணி நேரம் அவர்கள் இருவரும்தான் பேசினார்கள்.

ஸ்டோர்மையே வாங்கினோம். தினமும் ஈப்போ போய்வருகிறவருக்கு ஹைலக்ஸ்தான் சரி, அதை நான் மறுக்கவில்லை. எங்கள் ஓட்டம் செம்பனைக் குலை ஏற்றி நாலு கிலோமீட்டர் மண்பாதை, டீசல் சில நாள் பீப்பாயிலிருந்து. பயோடீசல் கலந்த எண்ணெய் ஈரத்தை இழுக்கும். அந்தத் தண்ணீர் எந்தப் பம்புக்கும் ஆகாது, ஆனால் காமன் ரெயில் இன்ஜெக்டர் போனால் செலவு தாங்காது. அந்த பயோடீசலும் இங்கே செம்பனை எண்ணெயில் செய்வதுதான். நாங்கள் ஏற்றிப்போகும் குலை டேங்குக்கே திரும்பி வருகிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

டைமிங் பெல்ட்டை முதல் வேலையாக மாற்றினோம். அறுந்தால் பிஸ்டன் வால்வை இடித்துவிடும். எலுமிச்சம்பழத்தை நாலு டயருக்கும் வைத்து மாமியார் சூடம் காட்டினார்.

காலையில் சாவியைப் பாதி திருப்பினால் க்ளோ பிளக்கின் ஆரஞ்சு விளக்கு எரியும், அணையும்வரை பொறுக்க வேண்டும். அந்தச் சில நொடி பக்கத்தில் அப்பா நிற்பதுபோல இருக்கும். டார்ச்சை நேராகப் பிடி என்பார். அதற்குள் உள்ளேயிருந்து மனைவியின் குரல்: “பசியாறிட்டுப் போங்க.”