சொந்த மதத்தில்தான் மார்க் போச்சு

போன வாரம் நெட் ரிசல்ட் வந்தது, கல்லூரி ஆசிரியராவதற்கான தகுதித் தேர்வு. பாடம் மதங்களின் ஒப்பீட்டு ஆய்வு, எனக்கு இது மூன்றாவது முறை. உதவிப் பேராசிரியர் தகுதி கிடைத்துவிட்டது, ஆராய்ச்சி உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைக்கவில்லை. பாதி நிம்மதி, பாதி எரிச்சல். எரிச்சல் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று முடித்துவிடுவேன்.

முதல் இரண்டு முறையும் ஆன்சர் கீயை வைத்துச் சரிபார்த்தபோது ஒரு விஷயம் உறுத்தியது. பௌத்தம் பரவாயில்லை, சமணம் நன்றாகவே போயிருந்தது. அடிவாங்கியது யூதமும் கிறிஸ்தவமும். என் அப்பா சபை குருவானவர். ஞாயிறு பள்ளியில் ஆதியாகமம் முதல் மல்கியா வரை மூச்சுவிடாமல் ஒப்பித்து எவர்சில்வர் டப்பா பரிசு வாங்கியவன் நான். தெரிந்ததுதானே என்று அந்த அலகைத் திறக்கவே இல்லை.

யூதர்களின் வேதமான தனாக்கில் எத்தனை நூல்கள்? நம் பழைய ஏற்பாட்டுக் கணக்கில் 39 என்று யோசிக்காமல் தட்டினேன். 24. உள்ளே இருப்பது அதே எழுத்துதான், எண்ணும் விதம் வேறு. சாமுவேல் ஒன்று, ராஜாக்கள் ஒன்று, நாளாகமம் ஒன்று, எஸ்றாவும் நெகேமியாவும் சேர்ந்து ஒன்று, சிறிய தீர்க்கதரிசிகள் பன்னிரண்டு பேரும் சேர்ந்து ஒன்று. கழித்துப் பாருங்கள், சரியாக 15 குறையும். தானியேல் தீர்க்கதரிசிகளில் இல்லை, கெதுவீம் என்ற கடைசிப் பகுதியில் இருக்கிறார். பத்துக் கட்டளையில்கூட முதல் கட்டளை எது என்பது யூதருக்கு ஒன்று, நமக்கு ஒன்று.

விடுதியில் பக்கத்து அறை நண்பன் காயல்பட்டினத்துக்காரன். அவனும் இதே தேர்வுக்குத்தான் படித்தான், அவனும் இஸ்லாத்தில்தான் மார்க் விட்டிருந்தான். இரண்டு பேரும் மூன்று மாதம் பாடத்தை மாற்றிக்கொண்டோம். அவனுக்கு நான் குர்ஆன் எடுக்க வேண்டும், எனக்கு அவன் பைபிள் எடுக்க வேண்டும். முதல் நாளே கேட்டான்: "நாலு சுவிசேஷத்துல எது முதல்ல எழுதினதுடா?" "மத்தேயு" என்றேன். "அது அடுக்கின வரிசை மச்சான். மாற்குன்னுதான் ஆய்வாளர்கள்ல பெரும்பாலானவங்க சொல்றாங்க, புக்க பாரு." மறுநாள் நான் பழிதீர்த்தேன். முதலில் இறங்கியதாகச் சொல்லப்படும் வசனங்கள் இருக்கும் அலக் சூரா வரிசையில் எத்தனையாவது என்றேன். ஓதத் தெரிந்தவனுக்கு எண் தெரியவில்லை. 96. இந்த மூன்று மாதம்தான் என்னைத் தேற்றியது. மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

அப்புறம், நான் குறித்து வைத்தவை, வரிசையெல்லாம் இல்லை:

- பௌத்தத்தின் தம்மபதம் குத்தக நிகாயம் என்ற தொகுப்பில் இருக்கிறது. ஐந்து நிகாயங்களையும் பெயரோடு ஒப்பித்துவிடுங்கள்.
- சீக்கியரின் வேதமான ஆதி கிரந்தம் 1604, தொகுத்தவர் குரு அர்ஜன். குரு தேக் பகதூரின் பாடல்கள் பிறகு சேர்ந்தவை. பொருத்துக கேள்வியில் கவிழ்க்கும் இடம் இது.
- சமய உரையாடலுக்கு ஆண்டு வரிசை: சிகாகோ சர்வசமய மாநாடு 1893, பிற மதங்களைப் பற்றிய வத்திக்கான் அறிக்கையான நோஸ்த்ரா ஏத்தாத்தே 1965, அசிசி சர்வசமயப் பிரார்த்தனைக் கூட்டம் 1986. முஸ்லிம் அறிஞர்கள் 138 பேர் கிறிஸ்தவத் தலைவர்களுக்கு எழுதிய கடிதம் 2007.
- இறையியலாளர் கார்ல் ரானர் தாராளமாகப் பேசுகிறார் என்பதற்காக அவரைப் புளூரலிசத்தில் (எல்லா மதமும் மீட்புக்கு வழிதான் என்பது) போடாதீர்கள். அவர் இன்குளூசிவிசம் (பிற மதத்தாருக்கும் மீட்பு உண்டு, ஆனால் அது கிறிஸ்து வழியாகத்தான் என்பது). புளூரலிசம் ஜான் ஹிக். நான் போட்டேன், மார்க் போனது.
- எல்லாருக்கும் பொதுவான முதல் தாளுக்கு என்னிடம் ஆலோசனை இல்லை. பழைய வினாத்தாள்தான்.

இந்திய தரிசனங்களில் குழம்புகிறவர்கள் மணிமேகலையின் 27-ஆம் காதையை ஒருமுறை வாசிக்கலாம். வஞ்சியில் அவள் ஒவ்வொரு வாதியாகப் போய், உன் கொள்கை என்ன என்று கேட்கிறாள். ஆசீவகன், நிகண்டன் (சமணன்), சாங்கியன், வைசேடிகன், பூதவாதி (உலகாயதன்) என்று ஆள் ஆளாக வருவதால் எனக்கு மனதில் நின்றது. வகுப்பில் இதை யாரும் சொல்லவில்லை என்பதில் இன்னும் கோபம் இருக்கிறது.

நான் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வாய்விட்டுப் படிக்கிற ஆள். அமைதியாக உட்கார்ந்து குறிப்பெடுப்பவர்களுக்கு இந்த ஒப்பிக்கிற வேலை பிடிக்காது. ஆனால் கால வரிசைக் கேள்விக்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ரிசல்ட் வந்த அன்று அப்பாவிடம் தனாக்கின் பொருளடக்கத்தைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரிக்குப் போனார். "மல்கியா எங்கடா?" "நடுவுல இருக்குப்பா. இவங்களுக்கு நாளாகமம்தான் கடைசி." ஒன்றும் சொல்லவில்லை. தன்னுடைய வேதாகமத்தை எடுத்து, இரண்டாம் நாளாகமத்தின் கடைசி அதிகாரத்தில் கோரேஸ் ராஜாவின் கட்டளையை மெதுவாக வாசிக்க ஆரம்பித்தார்.