தோள் ஆபரேஷனுக்குப் போகிறீர்களா? ஓ.பி. சீட்டைப் படித்துவிட்டு எழுந்திருங்கள்

தோளில் துளை போட்டுச் செய்கிற ஆபரேஷன் பற்றி என்னிடம் விசாரிக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "ரொம்ப வலிக்குமா?" என்றுதான். வலியைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். என்னை உலுக்கி எடுத்தது ஆபரேஷன் இல்லை. ஓ.பி. சீட்டில் டாக்டர் எழுதிய '3/12' என்கிற மூன்று இலக்கம்தான்.

குடியாத்தத்தில் பெயிண்ட் கடை வைத்திருக்கிறேன். மேல் தட்டிலிருந்து டின் எடுக்கும்போது ஸ்டூல் சறுக்கிவிட்டது. கீழே விழும்போது வலது கையால் ரேக்கைப் பிடித்தேன். உடம்பு பாரம் முழுக்க அந்தத் தோளில் இறங்கியது. மறுநாள் ஊரிலேயே ஒரு கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கம் கைகால் அடிபட்டால் பாதிப் பேர் புத்தூர் கட்டுக்கு வண்டி ஏறிவிடுவார்கள். எனக்கும் அந்த யோசனை வந்தது. ஆனால் உடைந்த எலும்பு இருந்தால்தானே கட்டு? ஐம்பதைத் தாண்டினால் வருவதுதான், தோள் மூட்டு இறுகிப்போகிற 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்றார்கள் கிளினிக்கில். மாத்திரையும் தைலமும் கொடுத்துக் கையைச் சுழற்றிப் பழகச் சொன்னார்கள். கடை ஷட்டரை என்னால் தூக்க முடியாமல் பக்கத்து டீக்கடைத் தம்பி வந்து தூக்கிவிட்டுப் போவான். ராத்திரியில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியாது.

கடைசியில் வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே எலும்பு டாக்டர் என் கையைத் தன் கையால் தூக்கினார். காது வரைக்கும் போனது. "இப்ப நீங்களே தூக்குங்க" என்றார். மார்பு உயரத்துக்கு மேல் வரவில்லை. "ஃப்ரோசன் ஷோல்டர்னா நான் தூக்கினாலும் போகாது சார். இது தசைநார் கிழிஞ்ச மாதிரி இருக்கு." வீட்டில் யாருக்காவது தோள் வலி என்றால் இந்த வித்தியாசத்தை மனதில் வையுங்கள். எக்ஸ்ரேயில் தசைநார் தெரியாது. எம்.ஆர்.ஐ. எடுத்ததில், கையைத் தூக்க உதவுகிற சுப்ராஸ்பைனேட்டஸ் தசைநார் எலும்பிலிருந்து முழுசாக விட்டுப்போயிருந்தது. ஸ்கேன் சென்டரில் ஃபிலிமோடு சி.டி.யையும் கேட்டு வாங்குங்கள். டாக்டர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்ப்பது அதைத்தான்.

இனி இன்ஷூரன்ஸ் கதை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருப்பவர்களுக்கு, எங்களுக்கு இல்லை. தனியார் பாலிசி எடுத்து இரண்டாவது வருஷம் ஓடுகிறது. இப்படிப்பட்ட பாலிசிகளில் பெரும்பாலும் மூட்டு சம்பந்தமான ஆபரேஷன்களுக்கு முதல் 24 மாதம் காத்திருப்புக் காலம் உண்டு. விபத்தால் வந்தது என்றால் அந்தக் காத்திருப்பு கிடையாது. ஆக, கீழே விழுந்தேன் என்பது பேப்பரில் இருக்க வேண்டும். டாக்டரிடம் ஸ்டூல் சறுக்கிய கதை முழுக்கச் சொன்னேன். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்த பயிற்சி டாக்டர் சீட்டில் எழுதியது, வலது தோள் வலி, 3/12. அவ்வளவுதான். மருத்துவர்கள் எழுத்தில் 3/12 என்றால் மூன்று மாதம், 3/52 என்றால் மூன்று வாரம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இன்ஷூரன்ஸ் கவுண்டரில் இருந்தவருக்குத் தெரியவே தெரியாது. இன்ஷூரன்ஸ் கம்பெனியே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டுகிற 'கேஷ்லெஸ்' வசதிக்கு அனுமதி கேட்கும் படிவத்தில், வலி ஆரம்பித்த தேதி மார்ச் 2012 என்று நிரப்பினார். விபத்தா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று டிக் போட்டார்.

அட்மிட் ஆன அன்று மாலைதான் அந்தப் படிவத்தையே அனுப்பினார்கள். ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் படுத்திருக்கிறேன். காலையில் நர்ஸ் வந்து தோளைச் சுத்தம் செய்துவிட்டுப் போனார். ஸ்ட்ரெச்சர் வரும் என்று பார்த்தால் கவுண்டரிலிருந்து ஃபோன் வருகிறது.

"சார், கேஷ்லெஸ் ரிஜெக்ட் ஆயிடுச்சு. பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே இருந்த வியாதியாம். பணம் கட்டினா ஆபரேஷன் பண்ணிடலாம்."

என் மனைவி ஓடிப் போய், "என்னங்க இது, 2012ல இவருக்குத் தோள் வலியே கிடையாதே!" என்று கேட்டதற்கு, "டாக்டர் எழுதினதை நாங்க மாத்த முடியாதுமா" என்று பதில். அந்த டாக்டர் அன்று ஆபரேஷன் தியேட்டரை விட்டு வெளியே வரவில்லை. கையில் ஊசி குத்திய பிளாஸ்திரியோடு பள்ளிகொண்டா வழியாகப் பஸ் பிடித்து ஊர் வந்து சேர்ந்தோம். அன்றைய கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. திட்டமிட்டுச் செய்கிற ஆபரேஷனுக்கு அனுமதியை நாலு நாள் முன்பே கேட்டிருந்தால் இந்த வெறும் வயிற்று அலைச்சலே இல்லை. நீங்கள் தேதி வாங்கும்போதே கவுண்டரில், "பேப்பர் எப்போது அனுப்புவீர்கள், எனக்கு ஒரு நகல் வேண்டும்" என்று கேளுங்கள். படிவம் அவர்கள் நிரப்புவதாக இருந்தாலும் வலி தொடங்கிய தேதி, விபத்தா இல்லையா என்கிற இரண்டு கட்டத்தையும் விரல் வைத்துப் படியுங்கள்.

எங்களைக் காப்பாற்றியது என் மனைவி. ரேஷன் கார்டு வைக்கிற பிளாஸ்டிக் கவருக்குள் குடியாத்தம் கிளினிக் சீட்டை மடித்து வைத்திருந்தார். அதில் தேதி இருந்தது. 'சறுக்கி விழுந்தார், வலது தோள்' என்று டாக்டர் கையெழுத்தும் இருந்தது. எக்ஸ்ரே கவரிலும் அதே தேதி, ரசீது எண்ணோடு இருந்தது. இரண்டையும் எடுத்துக்கொண்டு வேலூர் டாக்டரின் ஓ.பி. நாளாகப் பார்த்துப் போய் உட்கார்ந்தோம். கவுண்டரில் முடியாது என்ற காரியத்தை டாக்டர் நின்ற நிலையில் முடித்துக் கொடுத்தார். லெட்டர்ஹெட்டில், 3/12 என்பது மூன்று மாதத்தைக் குறிக்கும், இன்ன தேதியில் விழுந்ததால் ஏற்பட்ட கிழிசல் என்று எழுதி, பெயரும் பதிவு எண்ணும் உள்ள சீல் வைத்தார். மறுபடி அனுப்பினார்கள், அனுமதி வந்தது. பழைய சீட்டு எதையும் தூக்கிப் போடாதீர்கள், மருந்துக்கடை பில் உட்பட.

ஒருவேளை அப்போதும் மறுத்திருந்தால், கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து, 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்த்துவைக்கிற, சென்னையில் இருக்கிற இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்குப் போயிருப்பேன். அதற்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. ஒரு சென்டிமீட்டர் கூட இல்லாத சில துளைகள். ஒன்றில் கேமரா, மற்றவற்றில் கருவிகள். எலும்பில் ஆங்கர் என்கிற சின்ன ஆணி போன்றதை இறக்கி, அதிலுள்ள நூலால் தசைநாரை இழுத்துத் தைத்துவிடுகிறார்கள். உள்ளே தெளிவாகத் தெரிய சலைன் தண்ணீரை விட்டுக்கொண்டே இருப்பார்களாம். அதனால் வெளியே வரும்போது தோள் பூரி போல உப்பியிருந்தது. ராத்திரி கட்டு நனைந்து இளஞ்சிவப்பாகத் தண்ணீர் கசிந்ததும் மனைவி பயந்துவிட்டார். "அது தண்ணிதான்மா, வடிஞ்சிடும்" என்றார் நர்ஸ். காலையில் கசிவு நின்றிருந்தது.

வலிக்கு வருகிறேன். கழுத்தோரம் ஊசி போட்டு அந்தக் கையை மரக்கச் செய்வார்கள். அன்று முழுக்கக் கை யாருடையதோ மாதிரி கிடக்கும், வலியே இருக்காது. 'இவ்வளவுதானா' என்று மாத்திரையைத் தள்ளிப் போடாதீர்கள். மரப்பு விடுகிற நேரத்தில் வலி ஒரேயடியாக வரும். பக்கத்துப் படுக்கைக்காரர் நடுராத்திரியில் அலறியதைப் பார்த்தேன். விரல் நுனி குறுகுறுக்க ஆரம்பித்ததுமே எனக்கு நர்ஸ் மாத்திரை கொடுத்துவிட்டார். நான் தப்பித்தேன்.

டிஸ்சார்ஜ் அன்று பில் அனுமதிக்காக மறுபடி காத்திருப்பு. டிஸ்சார்ஜ் கேட்டு வந்த மூன்று மணி நேரத்துக்குள் இன்ஷூரன்ஸ் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும் என்று 2024ல் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைக் கண்காணிக்கிற ஐ.ஆர்.டி.ஏ.ஐ. உத்தரவு போட்டிருக்கிறது. இதைக் கவுண்டரில் சொன்ன பிறகுதான் அவர்கள் ஃபோனையே எடுத்தார்கள். இடுப்புப் பக்கம் தலையணை வைத்த கைத்தொட்டில் பட்டைக்குப் பெரும்பாலும் இன்ஷூரன்ஸ் பணம் தராது, கையிலிருந்துதான் கட்ட வேண்டும். ஆங்கர் பெட்டியில் இருக்கிற ஸ்டிக்கர் உங்கள் பேப்பரில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பட்டை போட்ட ஆறு வாரம்தான் நிஜமான சோதனை. ஒற்றைக் கையால் கைலி கட்டவே முடியாது. எலாஸ்டிக் வைத்த பேன்ட் இரண்டு முன்கூட்டியே வாங்கி வையுங்கள். பனியன் வேண்டாம், முன்பக்கம் பட்டன் வைத்த தளர்வான சட்டை போதும். மல்லாந்து படுக்க முடியாது. நான் ஈசிசேரில் சாய்ந்தபடிதான் தூங்கினேன். சாப்பாடு இடது கையில் ஸ்பூன். சொந்தக்காரர்கள் வந்து, "கையைத் தூக்கிக் காட்டு மாமா" என்பார்கள். காட்டாதீர்கள். தைத்த தசைநார் எலும்போடு ஒட்டுகிற காலம் அது. குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு ஊசலாட்டுகிற பயிற்சியை ஃபிசியோதெரபிஸ்ட் சொன்ன அளவுக்கு மட்டும் செய்தேன். பாரம் தூக்கும் பயிற்சி பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகுதான். ஃபிசியோவுக்கு வேலூர் வரை அலைய வேண்டாம்; ஆபரேஷன் செய்த டாக்டரிடம் வாரவாரியாக என்ன செய்யலாம் என்று எழுதி வாங்கினால் உள்ளூரிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

இப்போது மேல் தட்டிலிருந்து காலி டின்னை வலது கையால் எடுக்கிறேன். ஷட்டரை இன்னும் டீக்கடைத் தம்பிதான் தூக்குகிறான். ஆறு மாதம் முடியட்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். ஃபிசியோ பில்களையும் விடாதீர்கள். டிஸ்சார்ஜுக்குப் பிறகு 60 நாளோ 90 நாளோ, பாலிசியில் போட்டிருக்கிற கெடுவுக்குள் ஆன செலவைத் திரும்பக் கேட்கலாம். டாக்டரின் ஃபிசியோ சீட்டு நகலை ஒவ்வொரு பில்லோடும் சேர்த்துப் பின் அடித்து அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. பணம் கணக்கில் ஏறிவிட்டது.